பிக்கப்புக்குள் ஏழு நிமிடம்

சஸ்காட்செவன். வெளியே மைனஸ் இருபத்தாறு.
குப்பையைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று
பிக்கப்புக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.
எஞ்சினைப் போடவில்லை. போட்டால் தெரிந்துவிடும்.

உள்ளே எம்மெட் பின்னங்களோடு மல்லுக்கட்டுகிறான்.
மைரா எரிமலை செய்கிறாள்,
என்னிடம் இருக்கும் ஒரே நல்ல வாணலியில்.
காலுறைக்கு எதிராகச் சின்னவன் தாராஸ் தர்ணா.
துவைத்த துணி இரண்டாம் நாளாக மெஷினிலேயே;
மோந்து பார்த்துவிட்டு
மறுபடி சுழல விட்டேன்.
அடுப்பில் பீட்ரூட் சூப்.
அணைத்தேனா?

பள்ளிக்கே அனுப்பித் தொலையேன் என்கிறாள்
நாத்தனார் டார்லீன்.
பஸ்ஸில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை.
அதுவும் கணக்குதான்.

கோட்டுப் பையில் போன ஹாலோவீன் மிட்டாய் ஒன்று.
பல்லுக்குப் பணியவில்லை,
கன்னத்தில் அடக்கிக்கொள்கிறேன்.

டக் டக்.
எம்மெட். தலையில் தொப்பி இல்லை.
ஜன்னலில் நோட்டை அழுத்திப் பிடிக்கிறான்:
மூன்றில் இரண்டும் ஆறில் ஒன்றும்
ஆறில் ஐந்து.

என் மூச்சு பட்டு உறைந்த கண்ணாடியில்
நகத்தால் கீறி ஒரு டிக் போட்டேன்.
அந்தப் பக்கம் அது திரும்பித் தெரிந்திருக்கும்.
நெற்றியைச் சுருக்கினான்.
நோட்டைத் தொடையில் வைத்து
பனியில் நின்றபடியே
மறுபடி கூட்டத் தொடங்கினான்.

கதவைத் திறந்தேன்.
"சரிதான்டா. சரியாத்தான் போட்டிருக்க."

"அப்ப சரி," என்றான்.
"சூப் பொங்கிடுச்சு."