நட்சத்திரத்துக்கும் புள்ளிக்கும் நடுவில்

சம்மாந்துறை நீர்ப்பாசனக் கந்தோரில்
மின்விசிறி மூன்றில் ஓடுகிற பின்னேரம்.
அழிக்கப் போனது பழைய நகல்களைத்தான்,
புள்ளி வைத்து 'பேக்' என்று முடிகிறவை.
ஆர், எம். ஓர் இடைவெளி. நட்சத்திரம்.
மறுகா,
கட்டைவிரல் சும்மா பட்டதோ என்னவோ,
இன்னும் ஓர் இடைவெளி.
ஒரு நெல்மணி அகலம்.

நட்சத்திரம் என்றால் அதற்கு 'எல்லாம்'.
எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு
ஒரேயொரு முறைப்பாடு சொன்னது:
'பேக்' என்ற பெயரில் இங்கே ஒன்றுமில்லையாம்.
போன ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் பற்றி
ஒரு சொல் இல்லை.

கறுப்புத் திரைக்குக் குப்பைக்கூடை கிடையாது.
'உறுதியா?' என்று கேட்கிற பழக்கமும் கிடையாது.
சொன்னதைச் செய்தது.
நினைத்ததை நான் சொல்லவேயில்லை.

பதினேழு நாள் திரும்பத் தட்டினோம், நானும் ஜெஸ்மிலாவும்,
துருசடியில் நின்று எழுதிய கொப்பிகளைப் பார்த்து.
சேறு. வெற்றிலைக் கறை.
ஏழா ஒன்றா என்று பிடிபடாத ஓர் இலக்கத்துக்கு
மூன்று தரம் தொலைபேசி.
ஆனி மாதத்துப் பதினொரு நாள் மட்டும் அகப்படவில்லை.
அந்தக் கொப்பியை மார்கழி வெள்ளம் வாசித்துவிட்டது.

கடைவட்டையிலிருந்து உதுமாலெவ்வை வந்தார்.
"ஆனியில எனக்கு முறைத்தண்ணி வரல்ல புள்ள.
நட்டஈடு கேட்டு எழுதிப்போட்டிருக்கன்.
பதிவ ஒருக்காப் பாருங்க."
பார்த்தேன். பதினொரு வெற்றுக் கட்டங்கள்.
வந்தது என்றும் இல்லை, வராதது என்றும் இல்லை.
எட்டிப் பார்த்தவர்
"கொம்பியூட்டர்லயும் வத்திட்டாக்கும்" என்று
தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார்.

சராசரி போட்டு நிரப்பலாம் என்றார் எஞ்சினியர்.
நான் நிரப்பவில்லை.
அவருடைய வயல் சராசரியாகக் கருகவில்லையே.

இப்போது அதே நட்சத்திரத்தைக் கொடுத்து
முதலில் 'காட்டு' என்கிறேன்.
வந்து நிற்கிற பெயர்களை வாய்விட்டு வாசிக்கிறேன்,
பள்ளிக்கூடத்தில் டாப்பு கூப்பிடுகிற மாதிரி.
வாசித்து முடித்த பிறகு
மேலம்பை அழுத்தி அதே வரியை வரவழைத்து
தலைச்சொல்லை மட்டும் மாற்றுகிறேன்.
புதிதாய் ஓர் எழுத்தும் தட்டுவதில்லை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில்.
அப்போதும் அழிப்பதில்லை, நகர்த்துகிறேன்
'போகப்போறது' என்று பெயர் வைத்த அறைக்கு.
நாலு மாதமும் பத்து நாளும் அங்கே இருக்கட்டும்.
"கோப்புக்கும் இத்தாவா?"
ஜெஸ்மிலாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
அடங்கியதும் தன் கணினியிலும் ஓர் அறை திறந்தாள்.

அழிக்கும் கட்டளைக்குப் பின்னால்
ஒவ்வொன்றுக்கும் ஆமா இல்லையா கேட்கச் சொல்லி
ஒரு சின்ன 'ஐ'யும் சேர்த்தோம்.
ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது:
ஆமா, ஆமா, ஆமா,
கேள்வி வருவதற்கு முன்பே ஆமா.
அதனால் கேள்வியை நம்பி இருப்பதில்லை.
கண்ணை நம்புகிறேன், அதுவும் பகலில்,
கரண்ட் போய்வராத நேரத்தில்.

இன்றைக்கு வரிசையில் ஒரு பெயர்
எனக்குத் தெரியாதது.
பழையதாய்த்தான் இருக்கும்.
என்டரில் இருந்து விரலை எடுத்து
ஜெஸ்மிலாவைக் கூப்பிடுகிறேன்.