நடுவில் ஏறுகிறவன்

வேதாளை மெயின் ரோட்டில் என் ஸெராக்ஸ் கடை.
ஆதார் நகல் இரண்டு ரூபாய்,
லேமினேஷன் இருபது,
இங்கிலீஷில் மனு என்றால் நாற்பது.
அந்த ராத்திரி மட்டும் காசு வாங்கவில்லை.

சோழகம் மூன்று நாளாய் அடங்கவில்லை.
நம்புக்குமார் வள்ளம் கரை பிடிக்கவில்லை.
இன்னாசியம்மா ஷட்டரை உலுக்கினாள்:
"கோஸ்ட் கார்டுக்கு மெயில் போடணும், எந்திரி மெஹரு."

எத்தனை பேர்?
மூணு.
பேரு சொல்லு.
நம்புக்குமார். எங்க வீட்டுக்காரரு கித்தேரியான்.
அப்புறம்?
அப்புறம் அந்த ஒடிசாப் பையன்.
பேரு?

அவளுக்குத் தெரியவில்லை.
வாசலில் நின்ற பத்துப் பேருக்கும் தெரியவில்லை.
"டேய்னா திரும்புவான்" என்றார் ஐஸ் கம்பெனிக்காரர்.

இரண்டு பேரைப் பெயராய் அடித்தேன்,
மூன்றாமவனை 'ஒன் மோர்' என்று.
கடைசி வரியில்
மூவரையும் ஒரே 'தெம்'மில் ஏற்றி
'ப்ளீஸ் பிக் அப் தெம்' என்று முடித்து அனுப்பினேன்.

தமிழ் என்றால் யோசிக்கவே வேண்டாம்.
அவர்களைத் தூக்கிவிடுங்கள்.
ஆள் முன்னாலேயே வந்து நின்றுகொள்வான்,
தூக்கிக்கும் விடுவுக்கும் இடையே
ஓர் ஏகாரம் ஒருக்களித்து நுழையலாம்,
அதற்கு மேல் இடமில்லை.

இரண்டு மணி இருக்கும்.
இருட்டுக்குள் யாரோ "போய்ட்டாங்க" என்று தொடங்க
இன்னாசியம்மா சீறினாள்:
"போயிருக்காங்கன்னு சொல்லு."
வாயைத் திறக்க அதன்பின் யாருக்கும் துணிவில்லை.

நாலு பத்துக்குப் பதில் வந்தது,
தூத்துக்குடி போகிற ஏதோ சரக்குக் கப்பல் சொன்னதை
அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார்கள்:
வீ ஹேவ் பிக்ட் தெம் அப்.

எல்லாரும் அழுதார்கள், சிரித்தார்கள்,
எவனோ என் டீயை எடுத்துக் குடித்துவிட்டான்.
நான் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் 'தெம்' வாலில் தொங்கிக்கொண்டிருந்தது.
கப்பல்காரன் அதை
பிக்குக்கும் அப்புக்கும் நடுவே
இழுத்துப் போட்டிருந்தான்,
தப்பென்று ஒரு வார்த்தை சொல்லாமல்.

மகளின் ஒன்பதாம் வகுப்பு நோட்டில் இருக்கிறது விதி.
பெயர் உள்ளவர் உள்ளேயும் உட்காரலாம்,
அப்புக்கு அந்தப் பக்கம் காலாட்டிக்கொண்டும் இருக்கலாம்.
அவன், அவள், அது, அவர்கள்
நடுவில் ஏறியே ஆக வேண்டும்.
உடனே அடுத்த பக்கத்தில்
இதற்கெல்லாம் பொருந்தாத ஒரு கூட்டம்:
லுக் ஃபார் ஹிம்.
தேடும்வரை அவன் வெளியேதான்.
ஏன் என்று நோட்டில் இல்லை.
மனப்பாடம் செய்க என்றிருக்கிறது.

அப் என்றால் மேலே என்கிறாள் மகள்.
சரி, கிவ் அப்பில் எது மேலே போகிறது
என்று கேட்டேன்.
பரீட்சைக்கு அது வராதாம்.

எட்டு நாள் கழித்து வந்தான் அவன்,
உதடு உப்பில் வெடித்து, தோள் தோலுரிந்து.
"அக்கா, ரெண்டு காப்பி."
கார்டைக் கண்ணாடியில் கவிழ்த்துமுன் படித்தேன்:
பிதாம்பர் மல்லிக்.
பச்சை வெளிச்சம் பெயரின்மேல்
ஒரு தரம் போய் வந்தது.

நஷ்டஈட்டு மனுவுக்கு
ரெண்டு பேர் போதும் என்றிருந்தார் வள்ளத்து முதலாளி.
மூன்று அடித்தேன்.
முதல் வரியில் ஒரு தரம்,
கையெழுத்துக்கு மேலே ஒரு தரம்,
இடம் இருந்த இன்னோர் இடத்திலும்.

நாலு ரூபாய் என்றேன்.
அவனிடம் ஒரே ஒரு பத்து ரூபாய்த் தாள்,
கடலில் நனைந்து விறைத்துக் காய்ந்தது.
சில்லறை தேடி முடிக்கும்வரை
மிஷினின் மேல் வைத்திருந்தேன்.
அந்தச் சூட்டில்
அது மெல்ல மடிப்பு விட்டுக்கொண்டிருந்தது.