ஐந்தாவது இடம்

ஐப்பசி ஒன்பது. நாகமலைக்கு மேல்
மேகம் வந்து நின்றது, இறங்கவில்லை.
ஒச்சப்பன் ஆய்வகத்து ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார்,
நாத்தம் தாங்கலம்மா என்று.

நாற்றம் பிரிடினுடையது.
மூன்று மாதமாக அது என் துப்பட்டாவில் ஏறி
பெரியார் நிலையம் வரை டிக்கெட் இல்லாமல் வந்தது.
காளவாசலில் ஏறும் பெண்கள்
என் பக்கத்து இருக்கையைப் பார்த்துவிட்டு
நின்றுகொண்டே பயணம் செய்தார்கள்.

நான் கட்ட நினைத்தது இதுதான்:
நடுவில் தாமிரம்.
சுற்றி ஒரே தளத்தில் நான்கு பிடி,
இரண்டு நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன்,
எல்லாம் ஒரே ஈனியின் நண்டுக் கொடுக்குகள்.
தலைக்கு மேல் காலியாக ஐந்தாவது இடம்.
அங்கே பிரிடின் வந்து உட்கார வேண்டும்.

ஈனி என்ற சொல்லை
உசிலம்பட்டிப் பள்ளியில் முதலில் பார்த்தபோது
கன்று ஈன்ற மாட்டைத்தான் நினைத்தேன்.
ஈவது ஈனி என்பது பிறகு புரிந்தது.
கையில் கிடக்கும் இரண்டு எலக்ட்ரானையும்
தானே கொடுத்துப் பிணைவது.
எங்கள் பக்கம் காதுகுத்துக்கு ஐந்நூறு வைத்தால்
மைக்கில் சொல்வார்கள், நோட்டில் ஏறும்,
ஆயிரமாகத் திரும்பி வந்தாக வேண்டும்.
இங்கே நோட்டு இல்லை.
ஆனால் வாங்கிய உலோகமும் பழையபடி இருப்பதில்லை.
ஈனி நெருங்க நெருங்க
அதன் ஐந்து டி ஆர்பிட்டால்களும்
ஒரே மட்டத்தில் நிற்க முடியாமல்
சில மேலே போகும், சில கீழே.
அந்த இடைவெளியைத் தாண்ட
வெளிச்சத்தில் கொஞ்சம் செலவாகிறது.
செலவு போக மிச்சம்தான்
பீக்கரில் நான் பார்க்கும் பச்சை.

படிகம் வர மறுத்தது.
தூள் வந்தது, பிசின் வந்தது.
"கல்யாணத்துக்கு முன்னாடி வருமாடி?" என்றாள் பெனாசிர்.
யார் கல்யாணம் என்று சொல்லவில்லை.

தீபாவளி விடுமுறை முடிந்து வந்தால்
மறந்துபோன பீக்கரின் ஓரத்தில்
கம்பு மணி அளவில் மூன்று.
எக்ஸ்-கதிர் எடுக்கக் கொச்சிக்குக் கூரியர் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல்.
நான்கு பிடியும் சரி.
ஐந்தாவது இடத்தில்
தண்ணீர்.

ஒரே ஒரு தண்ணீர்,
மற்ற நாலும் ஒட்டி நிற்க
அது மட்டும் 2.4 ஆங்ஸ்ட்ராம் தள்ளி,
பஸ் இருக்கையின் நுனியில் உட்கார்கிற ஆள் போல.
பிரிடின் எங்குமே இல்லை.
அது பிணைந்திருந்ததெல்லாம் என் துணியோடுதான்.

எங்கே ஏறினாய்?
எத்தனாலில் ஒளிந்திருந்தாயா,
வடிகட்டும்போதா,
இல்லை ஒச்சப்பன் திறந்த ஜன்னல் வழியே
அந்த இறங்காத மேகத்திலிருந்தா?

சூடு பண்ணிப் பார் என்றார் கைடு.
தொண்ணூறு டிகிரி தாண்டியதும் போய்விட்டது.
எடையில் ஐந்து சதவீதம் குறைவு, பச்சை கறுத்தது.
தட்டை மூடாமல் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

காலையில்
பழைய பச்சை.
தராசில் வைத்தேன்:
அதே ஐந்து சதவீதம்.

ஆய்வேட்டில் சேர்மத்தின் பெயரோடு
அக்வா என்று ஒரு சொல் கூடியது.
நன்றியுரையில் ஒச்சப்பன் பெயர்.
எதுக்கும்மா என்றார்.
ஜன்னலுக்கு என்றேன்.