ஒன்பது மீட்டர் ஆழத்தில் ரசம்

இந்தப் பக்க மூடி என்னுடையது.
அந்தப் பக்கம், கேபிள் நுழையும் பக்கம், செங்கதிருடையது.
அப்படித்தான் பிரித்துக்கொண்டோம்,
பாத்திரம் கழுவுவதையும் வாசல் பனி அள்ளுவதையும்
பிரித்துக்கொண்டதைப் போல.

ஒரு முழ நீள அக்ரிலிக் குழாய்.
உள்ளே கேமரா, பேட்டரி, விரலளவு பலகை ஒன்றில்
எங்கள் ஆறு மாதச் சனிக்கிழமைகள்.
எதற்கு என்று தங்கை போனில் கேட்டாள்.
ஏரிக்கு அடியில் என்ன இருக்கிறதென்று பார்க்க.
"தண்ணிதானே இருக்கும்" என்றாள்.

ரப்பர் வளையம் இரண்டு.
நகம் படாமல் எடுத்து
சிலிக்கான் கிரீஸ் தடவினேன்.
மினுங்கினால் போதும், வழியக் கூடாது.
ஒரு முடி குறுக்கே கிடந்தால்
தண்ணீருக்கு அது பாலம்.
தலையில் துண்டு கட்டிக்கொண்டு செய்தேன்,
புருவத்தையும் சந்தேகித்தேன்.

அவன் கேபிளின் உறையை உரித்து
செப்பு இழைகளுக்கு நடுவே ஈயம் பாய்ச்சினான்.
தண்ணீர் கதவைத் தட்டிக்கொண்டு நிற்காது,
உறைக்குள் புகுந்து
திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறி வருமாம்.
எப்பாக்ஸி ஊற்றி, குமிழி போக
ஹேர் டிரையர் காட்டினான்.
என் ஹேர் டிரையர்.

குளியல் தொட்டியில் ஓர் இரவு கிடந்தது.
உள்ளே சுருட்டி வைத்த டிஷ்யூ பேப்பர்
காலையில் மொறமொறவென்று இருந்தது.
தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தே
அன்று இட்லி தின்றோம்.

பிப்ரவரி. சட்பரி முழுக்க வெள்ளை.
ராம்ஸி ஏரியின் மேல் தன் மீன்பிடிக் குடிலையும்
பனிக்கட்டி துளைக்கும் இயந்திரத்தையும்
தந்தார் ரேஜான்.
நான்கு துளைகளைச் சேர்த்து ஒரு வாசல்.
"ஞானஸ்நானம் ஆயிற்றா இதற்கு?" என்றார்.

மூன்று மீட்டர்: பச்சை.
ஐந்து: யாருடையதோ ஒரு வால்.
ஒன்பதில் திரை வெளுத்தது.
மேலே இழுத்தால்
குழாயின் உள்பக்கம் முழுக்கத் துளிகள்.

"உன் வளையம்."
"உன் கேபிள்."

வீடு வரும்வரை காரில் ஹீட்டர் மட்டும் பேசியது.

அடுத்த இரண்டு ஞாயிறும் அப்படியே.
தொட்டியில் உலர்வு, ஏரியில் ஈரம்.
நான் தூங்கும்போது அவன் என் மூடியைத் தனியே சோதித்தான்.
அவன் ஷிப்ட்டுக்குப் போனதும் நான் அவன் மூடியை.
இரண்டிலும் குற்றமில்லை.
அதை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

நாலாம் முறை. சமையலறை மேசை.
குக்கர் மூன்றாவது விசில்.
அடுப்பில் ரசம் நுரை கட்டுகிறது.
ஜன்னல் கண்ணாடி உள்ளுக்குள் வியர்த்து
ஒரு கோடு வழிந்தது.
ஜன்னலைப் பார்த்தேன்.
கையில் மூடப்போகும் குழாயைப் பார்த்தேன்.
மறுபடி ஜன்னலை.

வெளியிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை, செங்கதிர்.
ஒவ்வொரு தடவையும்
நாமே உள்ளே வைத்து அடைத்திருக்கிறோம்:
மிளகு, புளி, ஹாலில் காயும் உன் சட்டைகள்,
குனிந்து குனிந்து நாம் விட்ட மூச்சு,
உன் வளையம், உன் கேபிள்.
தொட்டி வெதுவெதுப்பு, அது காட்டிக்கொடுக்கவில்லை.
நாலு டிகிரி ஏரி
எல்லாவற்றையும் துளியாக்கிக் காட்டியது.

அவன் சிரிக்கவில்லை. ஷூ அலமாரிக்குப் போனான்.
பூட்ஸ் பெட்டியிலிருந்து
தின்னாதே என்று எழுதிய சிறு பொட்டலம் இரண்டு.
சூட்டில் காயவைத்து
கேமராவின் பக்கத்தில் செருகினான்.
கராஜில், மைனஸ் இருபதில்,
கையுறை கழற்றி மூடினோம்,
ஆளுக்கொரு பக்கம்,
மூச்சை அடக்கிக்கொண்டு.

ஒன்பது மீட்டர்.
சேறு. எத்தனை தெளிவான சேறு.
ஒரு பீர் புட்டி.
மோவாயில் ஒற்றை மீசை வைத்த மீன் ஒன்று
எங்கள் விளக்கை
வரி வசூலிக்க வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தது.

பதினான்கு நிமிடம்.
பிறகு வலது மோட்டார் நின்றுவிட்டது.
அதை அடைத்தது யார் என்பது
இன்னும் முடிவாகவில்லை.