பதிவேட்டில் காற்று

ஸோஹாருக்கு மேற்கே ஒன்பதாம் எண் வட்டம்.
முழுச் சுற்றுக்கு இருபத்திரண்டு மணி நேரம் எடுக்கும்
தண்ணீர் தெளிக்கும் இந்த இரும்புக் கை.
அதன் பின்னால் நடப்பது என் வேலை.
அடைத்த முனைகளைக் கம்பியால் குத்தித் திறப்பது,
சக்கரம் சேற்றில் புதைந்தால்
ஹிலாலுக்குப் போன் செய்வது.

நவம்பரில் அவை வந்தன, ஏழு.
மணல் நிறம். கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு
பிடரியில் போய் முடிச்சிட்டுக்கொண்டது.
உள்ளூர்ச் சிவப்பு மூக்கர்களோடு கலந்து மேய்ந்தன.
இவர்கள் நிழல் அசைந்தாலே ஊரைக் கூட்டுவார்கள்.
அவை வாயே திறக்கவில்லை,
புது இடத்துக்கு வேலைக்கு வந்தவன்
முதல் வாரம் இருப்பதுபோல.

தொலைநோக்கியோடு வந்த ஷைமா
எங்கள் மொழியில் பெயர் கேட்டாள்.
ஆள்காட்டி.
பொருள் கேட்டாள்.
ஆளைக் காட்டிக் கொடுப்பது.
அவள் சிரிக்கவில்லை.
இந்த வகை உலகத்திலேயே சில ஆயிரம்தான் என்றாள்,
கஜகஸ்தான் புல்வெளியிலிருந்து வருகிறது,
வழியெல்லாம் துப்பாக்கி.
"இங்கே இருப்பதை யாரிடமும் சொல்லாதே."

சொல்லாமல் இருப்பது எனக்குப் புதிதில்லை.
பம்பு அறையில் மொஃபிஸுல் படுத்திருக்கிறான்,
பத்தாக்கா காலாவதியாகிப் பதினான்கு மாதம்.
அவனை யாராவது
தொலைநோக்கி வைத்துத் தேடினால்
அது வேறு காரணம்.

டிசம்பர் ஒன்பது, செவ்வாய்.
வெட்டுப்புழுவுக்கு மருந்தடிக்கும் நாள்.
டாங்க் கலக்கித் தயாராய் நிற்கிறது.
ஏழும் வட்டத்தின் நடுவில்
அந்தப் புழுக்களைத்தான் பொறுக்கிக்கொண்டு.
ஒன்றின் காலில் வளையம், மஞ்சள் மேல் சிவப்பு.
பதிவேட்டை எடுத்தேன்.
காற்று என்ற கட்டத்தில் எழுதினேன்:
அதிகம். தெளிக்கவில்லை.
என் சிகரெட் புகை
நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

மறுநாளும் அதிகம். அதற்கடுத்த நாளும்.
ஹிலால் வந்தார். விரலை நக்கி உயர்த்திப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார். வயலைப் பார்த்தார், வெகுநேரம்.
"அல்லாவின் காற்று, என்ன செய்ய" என்று
கையெழுத்துப் போட்டார்.

வெள்ளி விடிவதற்குள் ஒரு வண்டி
விளக்கணைத்து மண்பாதையில் வந்தது.
வேட்டைக்காரர்களா, ஆள் பிடிப்பவர்களா, தெரியாது.
சிவப்பு மூக்கன் கத்தினான்.
மொத்த வயலும் கத்தியது.
பம்பு அறைத் தாழ்ப்பாள் சத்தம்,
சோளத்துக்குள் ஓடும் வெறுங்கால்,
அதே நொடி தரையிலிருந்து கறுப்பு வெள்ளையாய்
சிறகுகள் கிளம்பி இருட்டானது.

கண்ணாடியை இறக்கினார்கள்.
இங்கே யாராவது, ஏதாவது?
தண்ணீர்தான், என்றேன்.

மாலை ஷைமாவுக்கு அனுப்பிய செய்தி: ஆறு.
காணாமல் போனது வளையக்காரி.

இருட்டியபின் மொஃபிஸுல் திரும்பி வந்தான்,
பாதத்தில் முள்ளோடு.
சோளத்தின் கடைசி வரிசையில்
தன் பக்கத்திலேயே ஒன்று பதுங்கியிருந்தது என்றான்.
இரண்டு பேரும் அசையவில்லையாம்.
காலில் நிறம் பார்க்க
வெளிச்சம் இல்லையாம்.

நாளைய பக்கத்திலும்
காற்றை எழுதி வைத்துவிட்டேன்.