பதினேழாம் குழாய்

ஒவுலுவில் அன்று மைனஸ் இருபத்தெட்டு.
அறுவை அரங்கிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தது
ஆறு மில்லி, வெளிறிய தேநீர் நிறம்.
சினைப்பை நீர்க்கட்டி, சாதுவானது
என்று ரைலியின் கிறுக்கெழுத்து.
பெயர் இல்லை. எண் பதினேழு.

பதினாறு வெறும் நீர்.
ரத்தத்தில் இருந்ததுதான் அதிலும்,
வாடகைக்குக் குடியிருப்பது போல.

பதினேழில் ஈஸ்ட்ரோஜன்
அளவுகோட்டைத் தாண்டி ஓடியது.
நூறில் ஒன்றாக்கினேன்.
பிறகு ஆயிரத்தில் ஒன்று.
அவளுடைய ரத்தக் குழாயிலோ
ஒன்றுமே நடக்காதது போல ஓர் எண்.

வெடிக்க வேண்டிய நாளில் வெடிக்காத பை.
முட்டை எப்போதோ கரைந்திருக்கும்;
சுவர் செல்களுக்கு யாரும் சொல்லவில்லை.
ஆலை மூடிய சேதி எட்டாத
இரவு ஷிப்ட் போல
சுரந்துகொண்டே இருந்திருக்கின்றன.

வியாழன் மதியம் தொலைபேசியில்
அவுனே ஹில்துனென். பேருந்து ஓட்டுகிறவள்.
"செவ்வாய்க்கிழமை முதல் அறுவை எனக்குத்தான்.
புற்று இல்லையாம். சரி.
உள்ளே என்னதான் இருந்தது?"

எண்ணைச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை.
டாக்டரைக் கேளுங்கள் என்றேன்.
அவள் வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.
பனி வாரும் வண்டி ஒன்று
தெருக்கோடி வரை போய்த் திரும்பியது.

"நிறைய" என்றேன்.