சொத்து விவரம்

வெள்ளிக்கிழமை காலை கேட்டில் ஒட்டியிருந்தது.
பால் பாக்கெட் எடுக்கப் போன என் விரலில்
பசை ஈரமாய் வந்தது.

தாதகாப்பட்டி சார்பதிவக எல்லைக்குட்பட்ட
வடக்கே சித்தேஸ்வரன் வீடு
தெற்கே பதினைந்தடித் தெரு
கிழக்கே ரங்கநாயகி காலி மனை
மேற்கே சாக்கடை
இதன் மத்தியில் ஆயிரத்து நூற்றெண்பது சதுரடி,
கதவு நிலவு, கரண்ட் சர்வீஸ்,
வழிநடை பாத்தியம் சகிதம்.

நிலவு வரைக்கும் எழுதியவர்கள்
மாடியில் நாலு பேர் குடியிருப்பதை எழுதவில்லை.

ஓனர் அங்கப்பண்ணன் போன்
மூன்று நாளாய் அணைந்து கிடக்கிறது.
ஆத்தூர் ரோட்டில் ஜவ்வரிசி ஆலை அவருக்கு.
முழுசாய்த் திட்ட வாய் வரவில்லை.
போக்கியப் பணம் ஐந்து லட்சத்தை
எண்ணி வாங்கிய அன்று
அவர் நகக்கண்ணில் கிழங்குமாவு இருந்தது.

வக்கீல் கேட்டார்: ரிஜிஸ்டர் பண்ணீங்களா?
இருபது ரூபாய்ப் பத்திரத்தை நீட்டினேன்.
பேங்க் அடமானம் மார்ச் மூணு.
உங்க பத்திரம் மார்ச் பதினாலு.
முன்னாடி குடிவந்திருந்தா
கோயம்புத்தூர் தீர்ப்பாயத்துல பேசிப் பாக்கலாம்.
பதினோரு நாள், என்றார்.

அந்தப் பதினோரு நாளும்
பெயிண்ட் காயக் காத்திருந்தோம்.
புது வீடாட்டம் பண்ணித் தர்றேன் கண்ணு,
அவசரப்படாதீங்க என்று
அவர்தான் சொல்லியிருந்தார்.

நேற்று பேப்பரில் ஏல விளம்பரம்.
வீட்டின் படம், தபால் தலை அளவு.
மொட்டைமாடிக் கொடியில்
சின்னவன் யூனிபார்ம்,
என் நைட்டி ஒன்று.
உள்ளது உள்ளபடி விற்கப்படும் என்றிருந்தது.

உள்ளோம்.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ்,
மரத்தடியில் மனு எழுதுகிறவர்.
சொல்லும்மா என்றார். சொன்னேன்:

வடக்கே சித்தேஸ்வரன் வீடு,
கரண்ட் போனால் எங்கள் இன்சுலின்
அவர்கள் பிரிட்ஜில்.
தெற்கே தெரு. ராத்திரி ஷிப்ட் முடிந்து
இவர் வண்டி திரும்பும் சத்தம்.
கிழக்கே காலி மனை,
சின்னவன் சைக்கிள் பழகி
முட்டியைக் கிழித்துக்கொண்ட இடம்.
மேற்கே சாக்கடை,
அதில் மாற்றமில்லை.
இதன் மத்தியில் நாலு பேர்,
திருப்பித் தர வேண்டிய ஐந்து லட்சம்,
மூன்று வருடக் கெடுவில்
இன்னும் பத்தொன்பது மாதம்,
கதவு நிலவு சகிதம்.

ஒரு பக்கம் தாண்டிடுச்சே என்று
பேனாவை உதறினார்.
ஐம்பது ரூபாய் கூடக் கேட்டார்.

கொடுத்தேன்.
நிலவுக்கு அடியில் கோடு போடச் சொன்னேன்.